விடு என்று சொன்னவர்

கண்ணாடி ஷீட்டை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகும்போது பேசுவதற்கு நான்கு சொற்கள்தான் உண்டு. எடு, நட, சாய், விடு. ஐந்தாவதாக ஒரு சொல் பேசுகிறவனுக்கு மேஸ்திரி வாயிலிருந்து வருவதை இங்கே எழுத முடியாது. முன்னால் போகிறவன் சொல்வான், பின்னால் வருகிறவன் செய்வான். பின்னால் வருகிறவனுக்கு முன்னவனின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. படியா, பள்ளமா, திருப்பமா என்பதெல்லாம் முன்னவன் வாய் வழியாகத்தான் அவனுக்கு வந்து சேரவேண்டும். அதனால் பட்டறையில் ஜோடி சேர்ப்பது கல்யாணத்துக்கு ஜோடி பார்ப்பதைவிடக் கஷ்டம். அங்கே ஒத்துவராவிட்டால் சண்டை வரும், இங்கே ரத்தம் வரும்.

அந்தப் பட்டறையில் பத்தொன்பது வருஷமாக முன்னால் போகிறவர் கோட்டுக்காரர். கட்டரை மண்ணெண்ணெயில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எட்டடி ஷீட்டில் ஒரே இழுப்பாகக் கோடு போடுவார். அடியில் இரண்டு தட்டு, இரண்டு கையாலும் ஓர் அழுத்தம், டக்கென்று பிரிந்து வரும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே மனிதர் வாளி நிறைய சுண்ணாம்புத் தூளோடு மைதானத்துக்குப் போய் அங்கேயும் கோடு போடுவார். பட்டறை ஆட்களும் அக்கம்பக்கத்துத் தொழிலாளிகளும் சேர்ந்த கால்பந்து டீமுக்கு அவர்தான் கோச். பட்டப்பெயர் இரண்டு பக்கமும் பொருந்திப்போனதில், சொந்தப் பெயர் கையெழுத்துப் போடும்போது மட்டும் தேவைப்படும் சாமானாகிவிட்டது.

மறுமுனையில் ஐந்து வருஷமாக நின்றவன் விலாங்கு. கோட்டுக்காரர் மனைவியின் தம்பி. தாய் தகப்பன் இல்லாதவனை அக்காதான் வளர்த்தாள். கல்யாணமாகி வரும்போது ஒரு கையில் துணிப்பெட்டியும் ஒரு கையில் அவனுமாகத்தான் வந்தாள். இப்போது அவனுக்கு இருபத்துநான்கு வயது, ஒட்டடைக்குச்சி உடம்பு. மைதானத்தில் அவனைப் பிடிக்கப் போகிறவனுக்கு முதலில் முகம் தெரியும், அடுத்த நொடி முதுகு தெரியும், அப்புறம் ஒன்றும் தெரியாது. அதனால்தான் அந்தப் பெயர்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கம்பளி விரித்த வெட்டுமேஜைதான் கோட்டுக்காரருக்கு மைதானம். கழிவுத் தொட்டியிலிருந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி வருவார். வெள்ளைத் துண்டு நம் ஆள், நீலத் துண்டு எதிராளி. அன்றைக்கு அரையிறுதிக்கு முந்தின வாரம். லோடு வண்டி டிரைவர் ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டே சந்தேகம் கேட்டார். டிரைவருக்குத் தெரிந்த ஒரே தந்திரம், பந்தைக் கண்டால் உதைப்பது.

“நாலு பேர் பின்னால, மூணு பேர் நடுவுல, மூணு பேர் முன்னால. இப்படி எல்லா டீமும்தான் நிக்குது. நாம எப்படி ஏறப் போறோங்கறதுலதான் விஷயம் இருக்கு” என்றார் கோட்டுக்காரர்.

“முன்னால மூணு பேர்னா நடுவுல நிக்கறவன் கோலடிக்கணும்ல? நம்ம விலாங்கு என்னடான்னா கோல்ல நிக்கற கோலிகிட்ட நலம் விசாரிக்கப் போற மாதிரி பின்னாலயே வர்றான்.”

“வரட்டும். வர்றதுதான் அவன் வேலை. அவன் இறங்கினா, அவனைப் புடிக்கிற ஸ்டாப்பர் என்ன பண்ணுவான்?”

“கூடவே வருவான்.”

“வந்தா அவன் நின்ன இடம்?”

டிரைவர் ஒரு நீலத் துண்டை நகர்த்திப் பார்த்தார். “காலி.”

“அந்தக் காலியிலதான் ரெண்டு பக்கத்து விங்கும் உள்ள பூருவானுங்க. விங்கு விட்ட இடத்துல பேக் ரெண்டு பேரும் ஏறிடுவான்.”

“ஸ்டாப்பர் கூட வரலைன்னா?”

“வரலைன்னா நம்ம மாப்ள சாவகாசமா திரும்பி, யாருக்கு வேணுமோ பாத்து அனுப்புவான். வந்தாலும் செத்தான், வராட்டியும் செத்தான்.”

“எல்லாரும் ஏறிட்டா பின்னால யாருய்யா காவல்?”

“ரெண்டு ஸ்டாப்பர், நடுவுல ஒரு ஆள், கோலி. அந்த நாலு பேரும் நகரக் கூடாது. மிச்சம் ஏழு பேரும் மேல. தைரியம் இல்லாதவன் இந்த ஆட்டம் ஆட முடியாது.”

விலாங்கு அக்கா கட்டிக்கொடுத்த அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். “இதுல எனக்குக் கோலே கிடையாதுண்ணே” என்றான் டிரைவரிடம். “பந்து வரும், நான் விட்டுடணும். இன்னொருத்தன் அடிப்பான், அவனைத் தோள்ல தூக்குவாங்க. நான் ஓரமா நின்னு கை தட்டணும். மாமா எனக்குப் போட்ட பதவி இது.”

“அந்தப் பதவிக்குத்தான்டா மாப்ள ஆள் கிடைக்காது” என்றார் கோட்டுக்காரர். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால் கண்டுபிடித்தது பந்தையே என்று தோன்றும்.

விட்டுவிடுவதுதான் அந்த ஆட்டத்தின் உயிர்நாடி. வலது விங்கிலிருந்து பந்து தரையோடு தரையாக வரும். விலாங்கு அதை வாங்கப் போவதுபோல் ஓடுவான். இரண்டு பேர் அவன்மேல் விழுவார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு குரல், “விடு!” அவன் காலை அகட்டினால் பந்து நடுவே ஓடிப்போய், பின்னாலிருந்து தனியாக வரும் இடது விங்கின் காலில் விழும். பின்னால் யார் வருகிறார் என்று அவனுக்குத் தெரியாது, திரும்பிப் பார்க்கவும் நேரம் இருக்காது. அதனால் ஓரத்தில் நின்று எல்லாம் பார்க்கிற கோட்டுக்காரரே குரல் கொடுத்தார். என்ன சொல்லைச் சொல்வது என்று யோசித்தபோது, இரண்டு பேருக்கும் வாயிலும் காதிலும் ஊறிப்போன பட்டறைச் சொல்தான் அகப்பட்டது.

மூன்று மாதம், விடியற்காலையில், வேலைக்குப் போகும் முன்பு இதே பயிற்சி. பந்து மேல் பந்தாக உருட்டிவிடுவார். “யோசிக்காத மாப்ள. காதுல விழுந்ததும் கால் விலகணும். நடுவுல மூளைக்கு ஒரு வேலையும் இல்ல” என்பார். முதலில் அவன் ஒரு கணம் தயங்கினான். போகப்போக அந்தக் கணம் தேய்ந்து, கடைசியில் இல்லாமலே போயிற்று. அப்போது கோட்டுக்காரர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலை நினைத்து பிற்பாடு அவர் எத்தனை முறை கூசிப்போனார் என்பதற்குக் கணக்கில்லை.

அரையிறுதியில் ஜெயித்தார்கள். ஆனால் ஒரு பந்தை விலாங்கு விடாமல் தொட்டுவிட்டான். அது கோட்டுக்காரர் மனத்தில் பல்லிடுக்கில் சிக்கிய நார்போல உறுத்திக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை நல்ல மழை. தகரக் கூரை காதைப் பிளந்தது, சாணை மெஷின் வேறு அலறியது. முதல் லோடுக்கு ஆறடிக்கு நாலடி ஷீட்டு, கெட்டியான ரகம். கோட்டுக்காரர் “எடு” என்றார். எடுத்தார்கள். “நட” என்றார். நடந்தார்கள். பத்தடி போனதும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கண்ணாடி தூக்கும்போது பந்துப் பேச்சு கூடாது என்று மேஸ்திரி ஏற்கெனவே இரண்டு முறை எச்சரித்திருந்தார்.

“அன்னிக்கு அந்தப் பந்தை ஏன் மாப்ள தொட்டே?”

“குரல் லேட்டா வந்துச்சு மாமா.”

“லேட்டா? உனக்குப் பின்னால விங்கு தனியா நிக்கறான். வலதுல இருந்து பந்து வருது. நீ ஓடறே. ஸ்டாப்பர் வந்துட்டான். அங்கதான் நான் சொன்னேன், விடு!”

மழைக்கும் மெஷினுக்கும் மேலே கேட்கவேண்டுமென்று மைதானத்துக் குரலிலேயே சொன்னார். விலாங்கு விட்டுவிட்டான். நடுவில் மூளைக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

விழுகிற கண்ணாடியைப் பிடிக்கக் கூடாது, திரும்பி ஒதுங்கவேண்டும் என்பது பட்டறைப் பாடம். அவன் அதையும் ஒழுங்காகச் செய்தான். திரும்பியபோது உடைந்த துண்டு ஒன்று பின்னங்காலில், குதிகாலுக்கு மேலே இருக்கும் கெட்டி நரம்பில் பாய்ந்தது. ஈரத் தரையில் ரத்தம் மளமளவென்று பரவியது. ஆட்கள் ஓடி வந்தார்கள். மேஸ்திரி தன் துண்டை அவிழ்த்துக் காலில் இறுக்கிக் கட்டிக்கொண்டே, “என்னய்யா ஆச்சு?” என்று கேட்டார்.

கோட்டுக்காரர், “வழுக்கிடுச்சு” என்றார். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மேஸ்திரி அவர் முகத்தையே பார்த்தார். “மழை ஈரம்” என்றார் கோட்டுக்காரர். மேஸ்திரி இன்னும் பார்த்தார். “அவன் கை வழுக்கிடுச்சு” என்று முடித்தார்.

இந்த மூன்றாவது வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் அது வந்து உட்கார்ந்துகொண்டு, மற்ற இரண்டையும் தள்ளிவிட்டு, அதுவே நடந்ததாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, முழங்கால் வரை மாவுக்கட்டுக் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். விலாங்கு வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்.

“மாமா, நீங்க விடுன்னு சொன்னீங்களா?”

பக்கத்துக் கட்டிலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

“இல்லையே மாப்ள.”

“எனக்குக் கேட்டுச்சு.”

“நடையில தண்ணி நிக்குது, பாத்து வான்னு சொன்னேன். மழைச் சத்தத்துல உனக்கு வேற மாதிரி கேட்டிருக்கும்.”

“ஓ” என்றான் அவன். பொய்க்குத் தண்ணீரெல்லாம் தெளித்துப் பசுமையாக்கித் தந்திருக்கும்போது நம்பாமல் என்ன செய்வான்? இந்த மனிதர் குரலைக் கேட்டுத்தானே ஐந்து வருஷமாக நடந்திருக்கிறான்.

வீடு என்பது இரண்டு அறை. முன்னறையில் பாதி இடத்தை இஸ்திரி மேஜையும் துணி மூட்டைகளும் எடுத்துக்கொள்ளும். அக்கா நாலு தெருவுக்கு இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்றபடி வேலை, பெட்டிச் சூடு, கூடவே எட்டு மாதக் கைக்குழந்தை. கையும் வாயும் சேர்ந்தே ஓடும் அவளுக்கு. தம்பி மாவுக்கட்டோடு சுவரில் சாய்ந்திருக்க, திட்டிக்கொண்டேதான் சட்டைகளை மடித்தாள்.

“பந்து நெனப்பு. வேறென்ன? தூங்கும்போதுகூட காலை ஆட்டற ஆளு நீ. கையில கண்ணாடி இருக்குன்னு நெனப்பு வேணாமா? உங்க மாமா முன்னால போறாரு, அவர் மேல விழுந்திருந்தா? எனக்கும் இந்தப் பச்சப்புள்ளைக்கும் யாரு? சொல்லு, வாயில என்ன கொழுக்கட்டையா?”

“தப்புதான்க்கா.”

“தப்புதான்க்காவாம். சூப்பைக் குடி, ஆறுது.”

கோட்டுக்காரரும் சூப் குடித்துக்கொண்டுதான் இருந்தார். உருளைக்கிழங்கும் எலும்பும் போட்ட சூப். விழுங்க முடியவில்லை. ஆனால் வைத்துவிட்டு எழுந்தால் ஏன் என்று கேட்பாளே என்று கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம். பெட்டி பழுக்கக் காய்ந்திருந்தது, குழந்தை காலைக் கட்டிக்கொண்டு அழுதது. “இந்தாடா, செத்த நேரம் புடி” என்று குழந்தையைத் தம்பியிடம் நீட்டினாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவன் தோளில் தூங்குகிற குழந்தை அது.

“கீழ விட்டுடுக்கா.”

“கீழ விட்டா சூட்டுப் பெட்டிகிட்ட வந்துடும்டா. புடி.”

“வேணாம்க்கா.” அவன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். “எனக்குக் கையை நம்ப முடியல. சொல்லாமலே விட்டுடுது. அன்னிக்கு யாரும் ஒண்ணும் சொல்லல, எனக்கே ஏதோ காதுல விழுந்து விட்டுட்டேன். புள்ளையையும் அப்படி விட்டா என்னக்கா பண்றது?”

கோட்டுக்காரர் எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். தெருவில் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. ‘உன்னைப் போல ஒரு கோழை இந்தத் தெருவில் உண்டா?’ என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் தெரிந்த கேள்விதான்.

மறுநாள் மேஸ்திரி அவரை ஓரமாகக் கூப்பிட்டார். “உன் மச்சான் கால் சரியானதும் வரட்டும். சாக்கு மடிக்கட்டும், ஓரம் தேய்க்கட்டும். ஷீட்டுக்கு மட்டும் போட மாட்டேன். தங்கமான பையன்தான். ஆனா ஒரு தடவை கை விட்டவன். அவனோட மறுமுனையில நிக்க எவன்யா வருவான்? நீயே நிப்பியா?”

“நிப்பேன்” என்றார் கோட்டுக்காரர்.

“உறவுக்காகச் சொல்றே” என்று மேஸ்திரி தோளைத் தட்டிவிட்டுப் போனார். தப்புச் செய்தவனுக்கு நல்லவன் பட்டமும் சேர்ந்து கிடைத்தது.

இறுதியாட்டத்துக்கு விலாங்கும் வந்தான். ஊன்றுகோலோடு ஓரப் பெஞ்சில் உட்கார்ந்தான். நடுவில் அவன் இடத்தில் டிரைவர். கோட்டுக்காரர் இரண்டு வாரம் மல்லுக்கட்டிப் பார்த்தும் டிரைவருக்கு இறங்கி வரத் தெரியவில்லை. இறங்கினாலும் திரும்பத் தெரியவில்லை. எதிர் டீம் ஸ்டாப்பர் கெட்டிக்காரன். இரண்டு முறை கூட வந்து பார்த்துவிட்டு, இந்த ஆளால் ஆபத்தில்லை என்று தன் இடத்திலேயே நின்றுகொண்டான். புகுவதற்குப் பொந்து இல்லாமல் இரண்டு விங்கும் சுவரில் முட்டிய வண்டுபோலத் திரும்பித் திரும்பி வந்தார்கள்.

கடைசிக் கால்மணி நேரத்தில் ஒரே ஒரு முறை எல்லாம் கூடிவந்தது. வலது விங்கிலிருந்து பந்து தரையோடு வந்தது. டிரைவரைப் பார்த்து இரண்டு பேர் ஓடினார்கள். இடது விங்கு பின்னால் தனியாக, கோலுக்கு நேரே வந்துகொண்டிருந்தான். ஒரே ஒரு சொல் போதும். கோட்டுக்காரர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. டிரைவர் தன் வழக்கப்படி ஓங்கி உதைத்தார், பந்து வேலியைத் தாண்டிப் போயிற்று. அடுத்த இரண்டாவது நிமிஷம், ஏழு பேரும் மேலே கிடக்க, எதிராளி நீளமாக ஒரு பந்தைத் தூக்கிப்போட்டு, ஆளில்லாத பக்கமாக ஓடிவந்து கோலடித்துவிட்டான்.

பூட்ஸைக் கழற்றும்போது டிரைவர் பொருமினார். “நான் எனக்குத் தெரிஞ்சதைத்தான் ஆடினேன். கண்ணாடியை ஒழுங்காப் புடிக்கத் தெரியாதவன் பண்ணினதுக்கு எல்லாரும் அனுபவிக்கறோம்.”

யாரும் டிரைவரைத் தடுக்கவில்லை. விலாங்கு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தான். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, “மன்னிச்சுக்கங்கண்ணே, என்னாலதான்” என்றான். கோலியிடம் சொன்னான், விங்குகளிடம் சொன்னான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாற்று ஆளிடம்கூடச் சொன்னான். கோட்டுக்காரர் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் ஊன்றுகோல் சத்தம் தன்னை நோக்கி வருவது கேட்டது.

“மாமா, உங்க ஆட்டத்தையே கெடுத்துட்டேன்.”

கோட்டுக்காரர், “வீட்டுக்குப் போலாம் வா” என்று மட்டும் சொன்னார்.

பாதி வழியில், பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் அவன் இளைப்பாற உட்கார்ந்தான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு கடைக்காரர் கதவுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். கோட்டுக்காரர் உட்காரவில்லை.

“மாப்ள. அன்னிக்கு நான் சொன்னேன்.”

“என்ன சொன்னீங்க?”

“விடுன்னு. உனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு. உன் கை வழுக்கல. நான் சொன்னதைத்தான் செஞ்சே.”

அவன் ஊன்றுகோலின் ரப்பர் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பஸ் வந்து நின்று, யாரும் ஏறாமல் போயிற்று.

“அப்புறம் ஏன் இல்லைன்னீங்க?”

“பயந்துட்டேன்.”

“எதுக்கு?”

“பந்துப் பேச்சு பேசாதேன்னு மேஸ்திரி ரெண்டு தடவை சொல்லியிருந்தார். அப்புறம் உங்க அக்கா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

இன்னும் பெரிதாக ஏதாவது இருக்கும் என்று அவன் காத்திருந்ததுபோல் இருந்தது. கோட்டுக்காரருக்கே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அப்போதுதான் உறைத்தது.

“மூணு வாரமா என் கையை நானே வேவு பாக்கறேன் மாமா. டீ டம்ளரை ரெண்டு கையால புடிக்கிறேன். எனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கோன்னு நெனச்சேன். புள்ளையைத் தொடல. நீங்க பாத்துக்கிட்டேதானே இருந்தீங்க?” குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை. “அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“பட்டறையில?”

“இல்ல. மொதல்ல உன்கிட்ட...”

“என்கிட்ட எதுக்கு மாமா மொதல்ல? நான் பெரிய மனசு பண்ணி, பரவாயில்ல, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்வேன்னா?”

கோட்டுக்காரர் தலை குனிந்தார். உள்ளுக்குள் ஒரு மூலையில் அப்படித்தான் நினைத்திருந்தார்.

“பொய்யை எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க” என்று அவன் எழுந்து, அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்தான்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

“மூணு வாரமா அவனைத் திட்டிக்கிட்டே இருந்தேன்” என்றாள். “நீங்க பக்கத்துல உக்காந்து சூப் குடிச்சீங்க.”

“ஆமா.”

“திட்டறதை நிறுத்துடின்னுகூட உங்களுக்குச் சொல்லத் தோணலையா?”

அவள் உள்ளறைக்குப் போய்த் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். “வாய் கூசாமத் திட்டினேனேடா” என்று அவள் அழுவது முன்னறைக்குக் கேட்டது.

மறுநாள் காலை, ஆட்கள் கையுறை மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், கோட்டுக்காரர் வெட்டுமேஜைக்குப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். டிரைவரும் வண்டியிலிருந்து இறங்கி வந்து நின்றார். சொல்லி முடித்தபோது சாணைக்காரர் மெஷின் சுவிட்சில் கை வைத்தபடி போடாமல் நின்றிருந்தார்.

மேஸ்திரி கேட்டார், “அப்போ அவன் கை வழுக்கல?”

“வழுக்கல.”

“பத்தொம்பது வருஷமா இந்தப் பட்டறைக்கு வாயே நீதான்யா. உன் வாயை நம்பித்தான் ஒவ்வொருத்தனும் கால் எடுத்து வைக்கிறான்.” அவர் அதற்குமேல் திட்டவில்லை. மூலையில் படத்துக்கும் முகம் பார்ப்பதற்கும் கண்ணாடி வெட்டுகிற சின்ன மேஜையைக் காட்டினார். “அங்க போய் உக்காரு. ஒத்தை ஆள் தூக்கற துண்டுங்க.”

டிரைவர் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து விலாங்கின் காலடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். கோச் வேலையும் அவரிடமே போயிற்று. அவர் பத்துப் பேரையும் கோலுக்கு முன்னால் சுவர்போல நிறுத்திவைத்து, ஒரு கோலும் அடிக்காமல் ஒரு கோலும் வாங்காமல் டீமை நடத்திக்கொண்டிருக்கிறார். கோட்டுக்காரர் அந்தப் பக்கம் போவதில்லை.

மாவுக்கட்டை அவிழ்த்த டாக்டர், நடக்கலாம், தூக்கலாம், கொஞ்சநாள் போனால் ஓடக்கூடச் செய்யலாம், ஆனால் ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று திரும்பக் கூடாது என்றார். விலாங்கின் ஆட்டம் முழுவதும் அந்தத் திரும்பலில்தான் இருந்தது. கேட்டுவிட்டு அவன் சரி என்று தலையாட்டினான். வீட்டில் கோட்டுக்காரரிடம் பேசாமல் இல்லை. குழம்பை நகர்த்தச் சொல்வான், குழந்தைக்குச் சளி என்பான், மாமா என்றுதான் கூப்பிடுவான். பந்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது.

ஐந்து மாதம் கழித்து அவன் பட்டறைக்குத் திரும்பியபோது எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். சாணைக்காரர் கட்டிப்பிடித்தார். அன்றைக்கு ஒரு கடைக்கு முகப்புக் கண்ணாடி, ஏழடி ஷீட்டு, போகவேண்டியிருந்தது.

“யாரை வேணும்னாலும் கேளு. நானே நிக்கறேன் மறுமுனையில” என்றார் மேஸ்திரி.

விலாங்கு கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டான். “மாமா நிக்கட்டும்.”

சின்ன மேஜையில் கட்டர் நின்றது. கோட்டுக்காரருக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. மன்னித்துவிட்டான் என்று நினைத்தார். கண்ணில் நீர்கூடக் கோத்துக்கொண்டது.

“ஆனா நான் முன்னால” என்றான் விலாங்கு. “சொல்றது நான். அவர் பின்னால வரட்டும். வாயைத் திறக்கக் கூடாது.”

யாரும் சிரிக்கவில்லை. கோட்டுக்காரர் பின்முனைக்குப் போய்க் குனிந்து, அடியில் ஒரு கையும் ஓரத்தில் ஒரு கையும் கொடுத்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் கண்ணுக்கு வழி தெரியவில்லை. ஒரு முதுகு தெரிந்தது. கீழே பார்த்தால், மடித்துவிட்ட கால்சட்டைக்கும் செருப்புக்கும் நடுவே, குதிகாலுக்கு மேல் விரல் நீளத்துக்கு வெளுத்துப்போன தழும்பு தெரிந்தது.

“எடு” என்றான் விலாங்கு. “நட.”

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார்கள். வாசலுக்குப் போகிற சரிவில் ஏற ஆரம்பித்ததும் விலாங்கு நின்றுவிட்டான். ஏன் என்று சொல்லவில்லை. அவர் நின்றார். ஷீட்டின் கனம் விரல்களில் இறங்கியது. வழியில் ஏதாவது கிடக்கிறதா, யாராவது குறுக்கே வந்துவிட்டார்களா என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் முடியாது. அப்புறம்தான் பார்த்தார். தழும்புக்கு மேலே கெண்டைக்கால் சதை வெடவெடவென்று துடித்துக்கொண்டிருந்தது. குதிகாலைத் தரையில் பதிக்க முடியாமல், அவன் விரல்களில் நின்றுகொண்டு வலி அடங்கக் காத்திருந்தான். வைத்துவிடலாம் மாப்ள, வைத்துவிடலாம் என்று வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கை இல்லை.

துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. குதிகால் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது.

“நட” என்றான் விலாங்கு.

கோட்டுக்காரர் நடந்தார். வாசல் இன்னும் முப்பதடி இருந்தது.